ரென்ற் அடிக்க வன்னியில் எங்கே இடம்?

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவரின் பதில்கள்

போன மாதம் ஒரு வாசகர், "அந்தக் காலத்தில் காட்டுக்குள் வேலைக்குப் போனால் எங்கே படுப்பீர்கள்?" என்று கேட்டார். நாலு வரியில் பதில் எழுதினேன். அதன் விளைவாக இந்த மாதம் ஐந்து கேள்விகள், ரென்ற் (கூடாரம்) அடித்துத் தங்குவது என்ற ஒரே விசயத்தைச் சுற்றி வந்திருக்கின்றன. முப்பத்தொரு வருசச் சேவையில் அரைவாசி நாளைக் கான்வஸ் துணிக்குக் கீழே கழித்தவன் நான். மற்ற விசயங்களை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, நாங்கள் ஸ்காபரோவில் இருக்கிறோம். ஒவ்வொரு கோடையும் பிள்ளைகளோடு ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் ரென்ற் அடித்துத் தங்குவோம். இலக்கம் போட்ட இடம், நெருப்பு மூட்ட இரும்பு வளையம், குழாய்த் தண்ணீர், கழிப்பறை எல்லாம் இருக்கும். கணவரும் மகனும் ஒரு வசதியும் இல்லாத அரச காணிகளுக்கும் போவார்கள். கனடாவில் வசிப்பவர்கள் ஓரிடத்தில் 21 நாள்வரை காசு கட்டாமல் தங்கலாம். வரும் ஜூலை, ஓகஸ்டில் ஊருக்கு வருகிறோம். அம்மாவின் ஊர் முள்ளியவளை. பிள்ளைகளுக்கு வயது 14, 11. வசதியான இடத்திலிருந்து வெறுங்காடு வரை, வன்னியில் இப்படித் தங்கும் இடங்களை எப்படித் தேடுவது? இணையத்தில் தேடினால் எல்லாம் தென்பகுதி இடங்களாகவே வருகின்றன.

பதில்: பிள்ளை, முதலில் அந்த இரும்பு வளையத்தை மறந்துவிடுங்கள். ஒன்ராறியோவில் இடம் தயாராக இருக்கும், நீங்கள் போய் இறங்குவீர்கள். இங்கே ஆளைப் பிடித்தால்தான் இடம் கிடைக்கும். காணி யாருடையது, தண்ணீர் யாருடைய கிணற்றிலிருந்து, இரவில் ஒன்று நடந்தால் யாருடைய கதவைத் தட்டுவது என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் அதுதான் உங்கள் இலக்கம் போட்ட இடம்.

அரசாங்கம் காசு வாங்கிக்கொண்டு ரென்ற் அடிக்க இடம் தருவதென்றால் நமக்குக் கிட்ட இருப்பது வில்பத்து. 1,317 சதுரக் கிலோமீற்றர் காடு, 1938 முதல் தேசியப் பூங்கா. அதன் வடக்கு எல்லை மோதரகம் ஆறு. ஆற்றைத் தாண்டினால் நம் பக்கம். ஆனால் ஆற்றைத் தாண்டி உள்ளே போக விடமாட்டார்கள். வவுனியாவிலிருந்து அனுராதபுரம் போய், ஹுனுவில்கம வாசலால் சுற்றித்தான் போகவேண்டும். உள்ளே இருக்கும் கூடார இடங்களையும் பங்களாக்களையும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் முன்கூட்டியே பதிய வேண்டும். ரென்றும் சாமானும் நீங்கள் கொண்டுபோவது. திணைக்கள ஆள் ஒருவர் கூட வருவார். நினைத்த இடத்தில் வாகனத்தை விட்டு இறங்க முடியாது. பிள்ளைகள் ஓடித் திரிய ஆசைப்பட்டால் அலுத்துப்போவார்கள். பொழுதுபட, வில்லு என்கிற இயற்கைக் குளத்தின் கரையில் மான் கூட்டம் தண்ணீர் குடிக்க வருவதைப் பார்க்கவேண்டுமென்றால் அதற்கு மேல் ஒரு இடம் இல்லை.

வன்னிக்குள்ளேயே வசதியான இடம் எது என்று கேட்டால் நான் மடு என்பேன். நீங்கள் சிரிக்கக்கூடும். யோசித்துப் பாருங்கள்: 1670இல் ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டுக்குள் ஒதுங்கிய இடம் அது. தொடக்கமே ஒரு முகாம்தான். இன்றைக்கும் ஜூலை 2ஆம் திகதித் திருநாளுக்கும் ஓகஸ்ட் 15ஆம் திகதித் திருநாளுக்கும் சனம் ஒன்பது நாள் நவநாளுக்கு முன்னரே வந்து, மரங்களுக்குக் கீழே ரென்றும் படங்கும் கட்டிக் குடியிருக்கிறது. தண்ணீர் உண்டு, மலசலகூடம் உண்டு, கடை உண்டு, முதலுதவிக்காரர் உண்டு. இடம் தருவது கோயில் நிர்வாகம். போனவுடன் அவர்களின் கந்தோரில் கேட்டுக்கொண்டுதான் முளை அடிக்க வேண்டும்.

நான் சைவக்காரன். என்னுடைய சங்கிலி ஆள் (நிலம் அளக்கிற சங்கிலியைப் பிடிப்பவர்) ஒருவர் வேதக்காரர், அதாவது கத்தோலிக்கர், அவர் குடும்பத்தோடு ஒருமுறை ஆவணித் திருநாளுக்குப் போய் ஐந்து நாள் இருந்தேன். அடுத்த ரென்றுக்காரர் சிலாபத்திலிருந்து வந்த சிங்களக் குடும்பம். முதல் நாள் எங்களுடைய உப்பை வாங்கினார்கள், இரண்டாம் நாள் தங்களுடைய கருவாட்டைத் தந்தார்கள், மூன்றாம் நாள் இரண்டு அடுப்பும் ஒன்றாகிவிட்டது. உங்கள் பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். சனநெரிசல் வேண்டாமென்றால் ஜூலை நடுப்பகுதியில், இரண்டு திருநாளுக்கும் இடைப்பட்ட நாட்களில் போங்கள். ஒன்று கவனம்: மடுவைச் சுற்றியுள்ள காடு 2015இலிருந்து மடு வீதி தேசியப் பூங்கா. கோயில் வளவுக்கு வெளியே கொஞ்சம் தள்ளி அமைதியாக அடிப்போம் என்று நினைத்தால் சட்டம் வேறு.

சைவக் கோயில்களிலும் இந்த வழக்கம் உண்டு. புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கலுக்கு வண்டில் கட்டிப் போய், வண்டிலுக்குக் கீழே சாக்கு விரித்துப் படுத்தவர்கள் உங்கள் அம்மாவின் தலைமுறையில் கனபேர் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கிற யாத்திரைக்காரர் வற்றாப்பளை வழியாகத்தான் போவார்கள். கோயில் கோயிலாகப் படுத்து எழும்பித்தான் அந்த நீண்ட தூரம் முழுவதும் நடக்கிறார்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் முள்ளியவளைக்குப் பக்கத்தில். வைகாசிப் பொங்கல் முடிந்து நீங்கள் வருகிற காலத்தில் வெளி வீதி வெறிச்சோடிக் கிடக்கும். நிர்வாகத்தாரிடம் சொல்லிவிட்டு ஒரு இரவு தங்கலாம். மச்சம் மாமிசம் கூடாது, அவ்வளவுதான்.

இதற்கு அடுத்த படி தனியார் விடுதி. ஏ9 வீதியிலும் மன்னார் பக்கமும் விசாலமான வளவுள்ள விடுதிகள் இப்போது உண்டு. "அறை வேண்டாம், முற்றத்தில் ரென்ற் அடிக்கிறோம், கழிப்பறையும் கிணறும் பாவிக்கிறோம், எவ்வளவு?" என்று நேரே கேளுங்கள். முதலில் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பிறகு விலை சொல்வார்கள்.

நீங்கள் உண்மையில் தேடுவது அதற்குக் கீழே உள்ள படிகளைத்தான் என்று தெரிகிறது. அதற்கு வருகிறேன்.

வன்னியில் ரென்ற் அடிக்க எனக்குத் தெரிந்த நல்ல நிலம் அறுத்து முடித்த மானாவாரி வயல். மாரிமழையில் விளைகிற காலபோக நெல்லை மாசி, பங்குனியில் அறுத்தால் புரட்டாதி உழவு வரை சும்மாதான் கிடக்கும். பெரிய குளங்களின் கீழே கோடையிலும் சிறுபோக நெல் செய்வார்கள், அங்கே போக வேண்டாம். வானம் பார்த்த வயல்தான் வேண்டும். தட்டை நிலம், சுற்றிவர வரம்பு, மூலையில் ஒரு காவல் கொட்டில், கிட்ட ஒரு கிணறு. வயல்காரர் உங்கள் அம்மாவுக்குச் சொந்தமாகவும் இருக்கலாம். முள்ளியவளையில் யார் யாருக்குச் சொந்தமில்லை!

வயலைச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு, அதைப் பூசி மெழுகாமல் சொல்கிறேன். ரென்றுக்கு முளை அடிப்பது என்றால் நிலத்துக்குள் இரும்பை இறக்குவது. வன்னியில் கலப்பை போகாத நிலத்தில் அதைச் செய்யாதீர்கள். உங்கள் நாட்டு ஒட்டாவாவில் 1997இல் கையெழுத்தான கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017இல்தான் சேர்ந்தது. நிலத்தைத் துப்பரவாக்கி முடிக்க 2028 வரை தவணை. கன இடம் துப்பரவாகிவிட்டது, சனம் குடியிருக்கிறது, பயிர் செய்கிறது. ஆனாலும் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இன்னும் சில இடங்களில் நிற்கிறது. பலகை இல்லாத இடத்திலும் வெடிக்காத எறிகணை மண்ணுக்குள் கிடந்து, வளவில் குப்பைக்கு நெருப்பு வைத்தபோது வெடித்த சம்பவங்கள் நடந்திருக்கின்றன. ஆகவே கலப்பை போன நிலம், மாடு மேய்கிற நிலம், சனம் நடக்கிற பாதை. நெருப்பு வேண்டுமென்றால் ஏற்கெனவே அடுப்பு எரிந்த இடத்தில் மட்டும். "ஒண்டுக்குப் போறன்" என்று பிள்ளைகள் பற்றைக்குள் இறங்கவே கூடாது. மகனுக்குக் கனடாப் பழக்கம் இருக்கும், அவனிடம் இதை இரண்டு தரம் சொல்லுங்கள்.

ஜூலையில் களிமண் வயல் சீமெந்துத் தரை மாதிரி இறுகியிருக்கும். ரென்றோடு வருகிற மெல்லிய அலுமினியக் கம்பிகள் வளைந்துபோகும். நாங்கள் முதல் நாள் பின்னேரமே முளை வருகிற நாலு இடத்திலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி விடுவோம். விடிய அடித்தால் இறங்கும், மத்தியானத்துக்குள் வெயிலில் காய்ந்து பிடித்துக்கொள்ளும். தண்ணீர் அருமையான இடமென்றால் உரப்பையில் மண் நிரப்பிக் கயிற்றைக் கட்டுங்கள். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அந்த மாதங்களில் பகல் முழுக்க அடிக்கும். வாசலைக் கிழக்குப் பார்க்க வையுங்கள்.

இடம் தேட வரைபடம் வேண்டுமென்றால் நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 தாள் வாங்குங்கள். இரண்டு சென்ரிமீற்றருக்கு ஒரு கிலோமீற்றர். என் பழைய கந்தோர் என்பதற்காகச் சொல்லவில்லை (கொஞ்சம் அதற்காகவும்தான்). கைபேசியில் தெரிகிற செய்மதிப் படத்தில் ஊர்ப்பெயர்கள் குறைவு, வன்னியிலோ பெயர்தான் தகவல். குளம் என்று முடிந்தால் கட்டு உண்டு. மடு என்றால் ஆழமான நீர்நிலை. மோட்டை என்றால் சின்னக் குட்டை, பெரும்பாலும் ஆடிக்கு முன்னரே வற்றிவிடும், நம்பிப் போகாதீர்கள். முறிப்பு என்றால் எப்போதோ கட்டு உடைத்த இடம். செய்மதிப் படத்தில் குளத்தோரம் பச்சைப் பசேலென்று புல்வெளி தெரியும், 'ஆகா' என்று நினைப்பீர்கள். அது அலைகரை. மார்கழியில் தண்ணீருக்குக் கீழே, ஆடியில் மாட்டுக்கும் யானைக்கும் கீழே. மாடு படுத்தெழும்பின புல்லில் உண்ணி கோடிக்கணக்கில் இருக்கும்.

கடற்கரையைப் பற்றியும் இரண்டு வரி. அளம்பில், நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் மணல் அழகு. ஆனால் கரையின் ஒவ்வொரு துண்டும் யாரோ ஒருவரின் கரைவலைப் பாடு. விடியப்புறம் வலை இழுக்க வருகிறவர்கள் உங்கள் ரென்றைச் சுற்றி வர மாட்டார்கள். கரையில் வாடி (கொட்டில்) போட்டிருக்கிற மீனவரிடம் கேட்டால் தங்கள் வாடிக்குப் பின்பக்கம் காட்டுவார்கள். மீனும் கிடைக்கும். கொக்கிளாய் வாவி 1951 முதல் பறவைகள் சரணாலயம், வாவிக்கரையை விட்டுவிடுங்கள். நந்திக்கடலும் 2017இலிருந்து இயற்கை ஒதுக்கிடம்.

எங்கே தங்கினாலும் கிராம அலுவலருக்கு ஒரு சொல், கிட்ட உள்ள பொலிசுக்கு ஒரு சொல். கடவுச்சீட்டுப் பிரதி கையில் இருக்கட்டும். வெளிநாட்டுக்காரர் இரவில் வயலுக்குள் வெளிச்சம் வைத்திருக்கிறார்கள் என்றால் யாராவது வந்து பார்க்கத்தான் செய்வார்கள். வருகிறவருக்கு ஏற்கெனவே விசயம் தெரிந்திருந்தால் பிளேன்ரீயோடு முடியும்.

வெறுங்காட்டை மட்டும் கேட்காதீர்கள். ஒதுக்கக் காட்டுக்குள் அனுமதியின்றிப் போவதே குற்றம், நெருப்பு மூட்டினால் பெரிய குற்றம். அரச காணி என்றால் அங்கே உங்கள் காணி மாதிரி. இங்கே அரச காணி என்றால் அரசின் காணி.

கேள்வி: நாங்கள் வவுனியாப் பொடியள் நாலு பேர். சனி, ஞாயிறில் மோட்டார் சைக்கிளில் போய்க் குளக்கட்டில் ரென்ற் அடித்துத் தங்க ஆசை. பெரிய குளத்துக்குப் போவதா, சின்னக் குளத்துக்கா? யாரைக் கேட்பது?

பதில்: தம்பி, கட்டில் வேண்டாம். குளக்கட்டு என்பது மண் அணை. அதில் குழி கிண்டுவது, முளை அடிப்பது, நெருப்பு மூட்டுவது ஒன்றும் கூடாது. தண்ணீர் திறந்துவிடுகிற துருசடியில் கூடாது, குளம் நிறைந்து வழிகிற வான் பக்கத்தில் கூடவே கூடாது.

யாரைக் கேட்பது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 200 ஏக்கர் வரை வயல் பாய்கிற சின்னக் குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும், அதை உண்மையில் பார்ப்பது அந்தக் குளத்துக் கமக்காரர் அமைப்பு. அதற்கு மேற்பட்டது நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, கட்டுக்கரை எல்லாம் பெரியவை, கடிதம் எழுதி, கந்தோர் ஏறி, பதில் வருவதற்குள் உங்களுக்குக் கலியாணம் முடிந்துவிடும். சின்னக் குளத்துக்குப் போங்கள். அமைப்புத் தலைவரின் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம் போய்க் கதைத்தால் போதும். குளத்துக்குக் கீழே அவருடைய வயல் வளவிலேயே இடம் காட்டுவார். போத்தலோடு போகாதீர்கள். போனாலும் போத்தலை விட்டுவிட்டு வராதீர்கள். வெறுங்காலோடு தண்ணீர் கட்டப் போகிறவரின் கால் அது.

அலைகரைப் பக்கம் ஏன் கூடாது என்று ஒரு கதை சொல்கிறேன். 1981 ஆடி. தண்ணிமுறிப்புக் குளத்துப் பக்கம் வேலை. இரண்டு பற்றைக்கு நடுவே வெட்டி விட்டது போல அழகான புல், பத்தடி அகலம், மேடும் இல்லை பள்ளமும் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் வருசம், எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. இங்கேதான் கூடாரம் என்றேன். குமுளமுனையிலிருந்து வந்த வயசாளி ஒருவர் எங்களோடு காடு வெட்டுகிறவர். அவர் சொன்னார், "ஐயா, இது ரோட்டு." நான் வரைபடத்தை விரித்துக் காட்டி, "எங்க ரோட்டு? இதில இல்லையே" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தன்னுடைய சாக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போய் மருத மரத்தடியில் போட்டார்.

இரவு ஒரு மணி இருக்கும். கூடாரத்துக் கயிறு ஒன்று 'டொங்' என்றது. விழித்துக்கொண்டேன். கான்வஸ் துணி மெல்ல உள்ளே வந்து மெல்ல வெளியே போனது, யாரோ மூச்சு விடுவது போல. மூச்சுத்தான். தும்பிக்கை கயிற்றைத் தடவித் தடவி முளை வரை போய்த் திரும்பி வந்தது துணியில் கோடாகத் தெரிந்தது. வெளியே நல்ல நிலவு. நான் விளக்கையும் தொடவில்லை, சத்தமும் போடவில்லை, வீரமல்ல, கை வரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு கொப்பு முறிகிற சத்தம் குளப்பக்கமாகப் போய் அடங்கியது.

விடிய எழும்பிப் பார்த்தால் கூடாரத்தைச் சுற்றி ஒதுங்கிப் போயிருக்கிறது. வெளியே நிறுத்தியிருந்த தியோடலைற் என்கிற கோணம் அளக்கும் கருவியின் முக்காலியில் ஒரு கால் மட்டும் வளைந்திருந்தது. வயசாளி வந்து முன்னங்கால் அடியைக் காட்டி, "அளவுங்கோ ஐயா" என்றார். நாடாவை வைத்துச் சுற்றி அளந்தேன், நாலடி மூன்றங்குலம். "ரெண்டால பெருக்குங்கோ. அதுதான் தோள் உயரம்." எட்டரை அடி. படிப்பில் எங்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித் தரவில்லை. முக்காலிக்கு விளக்கம் எழுதிய அறிக்கையில் 'காட்டு விலங்கு' என்று மட்டும் போட்டேன், பாதையில் கூடாரம் அடித்தது நான்தான் என்று போடவில்லை.

அதற்குப் பிறகு நான் பார்ப்பது மரத்தை. தண்ணீருக்குப் போகும் வழியில் உள்ள மரத் தண்டுகளில் ஆளுயரத்துக்கு மேலே காய்ந்த சேறு தேய்த்திருந்தால் அது அவையின் ரோட்டு. சாணம் பழசு என்று ஆறுதல் படாதீர்கள். பழசு என்றால் திரும்பி வர வேண்டிய நேரம். தண்ணீர் விளிம்பிலிருந்து மூன்று சங்கிலி தள்ளி, அதாவது 198 அடி, அறுபது மீற்றர். அது முதலைக்கும் சேர்த்த கணக்கு. அரிசி, உப்பு, வாழைப்பழம் மூன்றும் ரென்றுக்குள் வைத்திருக்காதீர்கள். யானைக்கு அவை மணந்தால் துணி ஒரு மறிப்பா?

கேள்வி: 2009இல் செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமில் படங்குக்குக் கீழே வெயிலிலும் மழையிலும் கிடந்தவள் நான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் வன்னியில் கூடாரம் அடித்து விளையாடப் போகிறார்களாம். இது உங்களுக்கே சரியாகப் படுகிறதா? – புதுக்குடியிருப்பு வாசகி

பதில்: அம்மா, ஸ்காபரோக் கடிதம் வந்த நாளில் எனக்கும் அதுதான் முதலில் மனசில் வந்தது. வேலையில் இருந்த காலத்தில் 'முகாம்' என்றால் எங்களுக்குக் கூடாரம், அடுப்பு, ஆறு ஆள். பிறகு அந்தச் சொல்லை வாயால் சொல்லவே பிடிக்காமல் போனது. நானும் ஒரு வருசம் தறப்பாளுக்குக் கீழே இருந்தவன்தான். அதில் எனக்குப் பெரிய கோபம் என்னவென்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்: தண்ணீர் ஓடுகிற பள்ளத்தில் அடித்திருந்தார்கள். சுற்றிவர ஒரு சாண் கான் வெட்ட ஒரு மண்வெட்டி இரவல் வாங்க நாலு நாள் ஆனது.

அந்தப் பிள்ளைகள் இருவரும் அதற்குப் பிறகு, வேறு நாட்டில் பிறந்தவர்கள். அம்மம்மாவின் ஊரில் மண்ணில் படுக்க ஆசைப்படுகிறார்கள். வரட்டும் என்றுதான் எழுதினேன். ஆனால் நீங்கள் இருக்கிற ஊருக்குள் வந்து, உங்கள் வேலிக்குப் பக்கத்தில் கூடாரம் அடித்துப் படம் எடுத்துப் போடுவதற்கு முன்னர் உங்கள் வீட்டுப் படலையில் நின்று கேட்கவேண்டும். நீங்கள் வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான்.

கேள்வி: பாடசாலைச் சாரணர் முப்பது பேரை இரண்டு இரவுக்குக் கூட்டிப் போகிறேன். மலசலகூடம் இல்லாத இடம். என்ன ஏற்பாடு? – மாங்குளம் ஆசிரியர்

பதில்: சேர், முப்பது பிள்ளைகள் என்றால் மலசலகூடம் உள்ள இன்னொரு பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுபோங்கள். அதிபருக்கும் வலயக் கந்தோருக்கும் ஒரு கடிதம், வேலை முடிந்தது. பெண் பிள்ளைகளும் வருவார்கள் என்றால் இதில் மறுபேச்சே வேண்டாம்.

வழியே இல்லையென்றால் உழுத நிலத்தில் ஒரு அடி அகலம், இரண்டு அடி ஆழம், ஒரு ஆள் நீளத்தில் கான். அப்படி மூன்று. கிணற்றிலிருந்தும் குளத்திலிருந்தும் மூன்று சங்கிலி தள்ளி, பள்ளப் பக்கமாக. தோண்டின மண் பக்கத்தில் குவிந்திருக்கட்டும், அதில் ஒரு சிரட்டை. போனவன் இரண்டு சிரட்டை மண் போட்டுவிட்டு வரவேண்டும். போடாதவன் அடுத்த நாள் பாத்திரம் கழுவுவான் என்று அறிவியுங்கள், எங்கள் ஆட்களிடம் அது பலித்தது. மறைப்புக்குப் படங்கு. குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்தே கொடுங்கள். கலங்கல் தண்ணீர் என்றால் தேத்தாங்கொட்டையைக் கல்லில் உரைத்துக் குடத்துக்குள் கலக்கி ஒரு இரவு விட்டால் மண் அடியில் படியும். தெளிவாகத் தெரிகிறது என்று அப்படியே குடிக்கக் கூடாது, தெளிய வைத்த பிறகுதான் கொதிக்க வைப்பது.

பாம்புக்கு: பிள்ளைகள் வெறுந்தரையில் பாய் போட்டுப் படுக்க வேண்டாம். எட்டடி விரியன் (கட்டுவிரியன்) இரவில்தான் வரும், படுத்திருக்கிறவரைத்தான் கடிக்கும், பல நேரம் நோவே தெரியாது. அடித்துணி தைத்து, சிப் பூட்டுகிற ரென்ற் என்றால் அந்தக் கவலை பெரும்பாலும் தீரும். என் வேதக்காரச் சங்கிலி ஆள் மடு மாதா கோயில் மண்ணை ஒரு பொட்டலத்தில் மடித்துக் கூடாரத்து நாலு மூலையிலும் தூவுவார். நான் தடுத்ததில்லை. ஆனால் 1990 அம்புலன்ஸ் இலக்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடமாக இருக்கட்டும், கைபேசிக்கு எந்த மேட்டில் சிக்னல் கிடைக்கும் என்று வெளிச்சம் இருக்கும்போதே நடந்து பார்த்துவிடுங்கள். கடிபட்டால் கட்டுப் போடுவது, கீறுவது ஒன்றும் வேண்டாம். அசையாமல் வைத்து ஆஸ்பத்திரிக்கு.

கேள்வி: (ஸ்காபரோக் கடிதத்தின் அடியில், வேறு கையெழுத்தில்) தாத்தா, நான் எட்டாவது பிறந்தநாளுக்குக் கிடைத்த ஹமொக்கைக் கொண்டு வாறன். எந்த மரத்தில கட்டலாம்? அங்க கரடி இருக்கா?

பதில்: இருக்கு, மகள். உங்கள் ஊரில் கரடிக்குப் பயந்து சாப்பாட்டை மரத்தில் தூக்கிக் கட்டுவீர்களாம். இங்கே கரடியின் சாப்பாடே மரத்தில்தான் இருக்கிறது. பாலைப்பழம் என்று மஞ்சளாக, சின்னதாக, தேன் போல இருக்கும். தின்றால் பால் உதட்டில் ஒட்டும். வைகாசியிலிருந்து ஜூலை வரை பழுக்கும். பழக்காலத்தில் கரடி பாலை மரத்தில் ஏறி இருந்து தின்னும். அதனால் காட்டோரத்துப் பாலையில் கட்டாதே, பாலைக்குக் கீழே படுக்காதே, பழம் வேண்டுமென்றால் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் கச்சான் விற்கிற ஆச்சிமாரிடம் கேட்டுப் பார், பருவத்தில் சில நாள் வைத்திருப்பார்கள்.

அம்மம்மா வளவில் வேம்பு நிற்கும், இரண்டு வேம்பு பத்தடி இடைவெளியில் இருந்தால் அதில் கட்டு. கட்டுவதற்கு முன் பட்டையில் முசுறு என்கிற சிவப்பு எறும்பு போகிறதா என்று ஒரு நிமிசம் நின்று பார். தென்னையில் கட்டுவதென்றால் முதலில் மேலே பார். காய் இருந்தால் மாமாவைக் கூப்பிட்டுப் பறித்துவிட்டுக் கட்டு.